அண்ணன் குனிந்து பார்க்காத ஒரே வண்டி

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அண்ணி கேட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக ஒரு மாதம் போய்விட்டது.

அண்ணன் பிறந்தது அனகாபுத்தூரில். அப்பா சீக்கிரமே போய்விட, டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். வெளிநாட்டுக்குக் கப்பலேறும் வண்டிகளைச் சோதித்துச் சான்று தருவது அவர் வேலை. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பொதுவான மூன்றாம் ஆள். ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவார். என் கல்யாணக் காரைக்கூடப் பட்டு வேட்டியோடு குனிந்து பார்த்தார். எனக்கு மானமே போயிற்று.

அப்படிப்பட்டவருக்குப் பார்க்காமல் கையெழுத்திட்டதால்தான் வேலை போனது. "ஒழுங்கா பாத்திருந்தா ஏன் போகுது?" என்று பேசிய சொந்தங்களும் இதைப் படிக்கிறீர்கள்.

அன்று அஸ்தினாபுரத்தில் என் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணனோ தாம்பரத்துக்கு அப்பால், ஏற்றுமதி வண்டிகள் நிறுத்தும் ஒரு யார்டில் பேருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். மூன்று முறை போன் செய்தேன்.

"இன்னும் ஒரே ஒரு பஸ்தாம்மா, பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.

"நேத்துலேர்ந்து பாத்த பஸ் மாதிரிதானே அதுவும்? கையெழுத்தைப் போட்டுட்டு வாண்ணா. நல்ல நேரம் முடியப் போகுது, மாமியார் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

வந்தார். மகனை மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் அவரே போய், கடைசிப் பேருந்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் அதை நிறுத்திப் பார்த்தால், பிரேக் குழாய் உரசித் தேய்ந்திருந்தது. அதை மாற்றித்தான் ஏற்றினார்கள். யார் அவசரப்படுத்தியது என்று மேலதிகாரி கேட்டதற்கு, "யாரும் இல்ல சார், என் தப்புதான்" என்றாராம். என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

வேலை போன பிறகு, பழைய கார் வாங்குகிற தெரிந்தவர்களுக்குப் பார்த்துக் கொடுத்துக் காலம் தள்ளினார். நெஞ்சுவலியில் படுத்திருந்தபோது, அன்று அவசரப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பையனுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்று மட்டும் சொன்னேன், பாவி.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த நண்பர்களுக்கும், எங்களைத் தாங்கிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இனி அண்ணன் வேலை போன கதையைப் பேசுகிறவர்கள், போன் செய்தது தங்கை என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அண்ணி, உங்களுக்கும் இதை இப்போதுதான் சொல்கிறேன்.