ஆணையருக்காக டிரைவர் சொன்ன சாட்சி

மாநகராட்சி ஆணையரின் காரை ஓட்டுகிறவருக்கு அலுவலகத்தில் ‘பூட்டு’ என்று பெயர். வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். பின் சீட்டில் என்னென்னவோ பேச்சு நடக்கும். யாருக்கு எங்கே மாற்றல், யாருக்கும் யாருக்கும் ஆகாது, எல்லாம் டிரைவர் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். கேண்டீனில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு கிண்டினால், "எனக்கு ரோடுதான்பா தெரியும்" என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நழுவிவிடுவார். வீட்டிலும் இதே கதைதான். "உங்க வாயிலேருந்து ஒரு சேதி வாங்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்" என்று மனைவி திட்டுவாள். நரைத்தும்விட்டது.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

ஆணையர் இதே அலுவலகத்தில் பொறியாளராகச் சேர்ந்து மேலே வந்தவர். ஆரம்பத்திலிருந்தே பூட்டுதான் டிரைவர். ஆணையர் நல்ல வேலைக்காரர், ஆனால் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். குறைகேட்பு நாளன்று, தெருவிளக்கு இன்னும் எரியவில்லை என்று திரும்பத் திரும்ப வந்த ஒரு பெரியவரின் மனுவைப் பிடுங்கி அவர் முகத்திலேயே விட்டெறிந்தார். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் பிடித்துவிட்டான். மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. செய்தது தப்பு, அதில் மறுபேச்சே கிடையாது. ஆனால் விஷயம் அந்த மனுவோடு நிற்குமா? அவருடைய பழைய வண்டவாளத்தை எல்லாம் தோண்டத் தொடங்கினார்கள். என்றைக்கோ அவரிடம் திட்டு வாங்கின குமாஸ்தா, ஒப்பந்தம் கிடைக்காத ஆள், எல்லோருக்கும் திடீரென்று ஞாபகசக்தி வந்துவிட்டது. விசாரணை அதிகாரி ஒருவரைப் போட்டார்கள். அலுவலகக் காரைச் சொந்த வேலைக்கு எடுத்ததுண்டா என்று கேட்க, பூட்டையும் கூப்பிட்டார்கள்.

கிளம்பும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். "எல்லாரும் கெட்டதையே சொல்றாங்க. நமக்குச் செஞ்சதை நானாவது சொல்லிட்டு வரேன்" என்றார்.

"சொல்லுங்க. நன்றின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றாள் மனைவி.

விசாரணை அறையில் கேள்வி வந்தது.

"ஒரே ஒரு தடவை எடுத்தாரு சார். என் சம்சாரத்துக்காக."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க சம்சாரத்துக்கா?"

"பிரசவ வலி சார். அவரே ஓட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரில சேர்த்தாரு. குழந்தை பொறக்கற வரைக்கும் அங்கயே இருந்தாரு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளியூர்ல சார். ஒரு விருந்தாளியை அவங்க கார்லயே கொண்டுபோய் விடச் சொல்லி அவருதான் அனுப்பியிருந்தாரு."

டைப் செய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். மனசு நெகிழ்ந்துபோய்ப் பார்க்கிறார் என்று பூட்டு நினைத்துக்கொண்டார். அப்பாவி மனுஷர்! வெளியே வந்து, பாரம் இறங்கினாற்போல ஒரு காபி குடித்தார்.

மறுநாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, இது என்னப்பா?" என்று போனை நீட்டினாள். டிரைவரை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, டிரைவரின் மனைவியோடு மருத்துவமனையில் அதிகாரி என்று செய்தி போட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் கொடுமை. செய்திக்குக் கீழே ஆளாளுக்குக் குழந்தை யார் ஜாடை என்று கேட்டுச் சிரித்திருந்தார்கள். அந்தக் குழந்தைதான் இப்போது எதிரே நின்று கேட்கிறது. பூட்டுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"அடப் பாவிகளா!" என்று மனைவி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். குடியிருப்பு வாசலில் ஏற்கெனவே மைக்கோடு இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"வேணாம், போகாதே. இன்னும் ஏதாவது எழுதுவாங்க."

"நீங்க பேசின லட்சணம் போதும். இனிமே நான் பேசிக்கறேன்."

படபடவென்று இறங்கிப் போனாள். அவள் பேசியதை மாடியிலிருந்து அப்பாவும் மகளும் கேட்டார்கள். "வலி எடுத்து இந்தப் படியில உட்கார்ந்துட்டேன். ஒரு ஈ காக்கா இல்ல. அப்ப இதே குடியிருப்புல இருந்தவரு, அவருதான் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனாரு. அங்க போனா படுக்கை இல்லைன்னாங்க. அந்த நர்ஸம்மாவை ஒரு கத்து கத்தினாரு பாருங்க! கையில இருந்த காகிதத்தை எல்லாம் பிடுங்கி எறிஞ்சாரு. அடுத்த நிமிஷம் படுக்கை வந்துது. அவரு இல்லைன்னா என் பொண்ணு இல்ல. எனக்கு அவரு கூடப் பொறக்காத அண்ணன். எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார்கள். அசிங்கப் பேச்சு அன்றே அடங்கிவிட்டது. அதற்குப் பதில், அந்தக் காலத்திலேயே நர்ஸ் மீது காகிதத்தை வீசிய ஆணையர் என்று புதுச் செய்தி ஓட ஆரம்பித்தது.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்! நல்லதைச் சொன்னா அதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிறாங்களே!"

"விடு, நாமதான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்" என்றார் பூட்டு.

மகள் அம்மா பேசிய வீடியோவை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஏம்மா, படுக்கையே இல்லைன்னாங்களே. அடுத்த நிமிஷம் எங்கேருந்து வந்துது?"

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு பொண்ணை எழுப்பி வராண்டால உட்கார வெச்சாங்க" என்றாள்.

"அவங்களுக்கும் வலியா?"

"வலிதான். சுவரைப் பிடிச்சுக்கிட்டே போனா."

பூட்டு இதை இப்போதுதான் கேட்கிறார். திரும்பி மகளைப் பார்த்தார்.

"அப்புறம் அவங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

"தெரியலடி" என்றாள் அம்மா. "நான் கேக்கவே இல்லை."