அப்பாவின் கருவேலம்பிசின்

நேற்று பெங்களூர் ரயிலில் நின்றபடியே வந்து சேரில் சாய்ந்தேன். "மரப்பால்ல செஞ்ச சூயிங்கம்ப்பா. மரம் சாகாத மாதிரி எடுக்கறாங்களாம், நல்லாருக்கா சொல்லு," என்று என் வாயில் ஒன்றைப் போட்டாய், பாப்பா. மென்றதும் கருவேலம்பிசின் ஞாபகம் வந்தது.

ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கருவேலமரம் நின்றது. சுரங்கத்துத் தூசியில் தொண்டை காயாமலிருக்க, என் அப்பா ஷிப்டுக்குப் போகும்போது அதில் தானாக வடிந்த பிசினைக் கிள்ளி வாயில் அடக்கிக்கொள்வார். இருந்தும் இருமுவார். நிறைய வடிந்தால் இருமல் நிற்கும் என்று நினைத்து, ஒருநாள் கத்தியால் மரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டேன்.

வேலை முடிந்து வந்த அப்பா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாடா, மரத்தையும் ஓவர்டைம் பாக்கச் சொன்னியா?"

"உனக்காகத்தான்ப்பா."

அவர் என்னை அடிக்கவில்லை. ஈரமண்ணைக் குழைத்துக் காயத்தில் அப்பினார். ஆனாலும் மரம் பட்டுப்போனது. அப்புறம் ஒரு புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டுதான் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டில் இறங்கினார். நான் பார்த்தால், "இதுவும் நல்லாத்தான்டா இருக்குது," என்பார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும்.

இவ்வளவும் சொல்ல நேற்று எனக்குத் தெம்பில்லை. நீ பதிலுக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தாய், நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.