நான் எழுதிய ‘சற்று’

பாச்சை உருண்டை வாசனை.

போன ஞாயிறு கடலூர் முதுநகரில் என் தங்கை வசந்தி பீரோவைத் திறந்ததும் குப்பென்று வந்தது. அவள் எடுத்தது, ஊட்டி டூருக்கு வாங்கிய பழைய ஸ்வெட்டரை. எனக்கு நினைவு போனதோ அண்ணாமலை நகர் பக்கம், ஒரு நூலகத்துக்கு. இருபது வருடத்துக்கு முன் இதே வாசனைக்கு நடுவே உட்கார்ந்துதான், சிறுவர் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு ‘பெங்குவின்’ எழுதினேன்.

பெங்குவினை நான் பார்த்ததில்லை. ஐஸைத் தொட்டதே சர்பத்தில்தான். பார்த்து எழுதிய ஆங்கிலப் புத்தகத்தில் குளிர் ஃபாரன்ஹீட்டில் இருந்தது. மாற்றக் கணக்குத் தெரியவில்லை, கேட்கக் கூச்சம். என்ன செய்தேன் தெரியுமா? ‘அங்கே குளிர் சற்றுக் கடுமையாக இருக்கும்’ என்று எழுதினேன். எத்தனை வகை? ‘பல வகை.’ முட்டையை எத்தனை நாள் காக்கும்? ‘சில காலம்.’ தெரியாததை மூட எவ்வளவு அழகான போர்வைகள்...

சரி, ஸ்வெட்டர் எதற்கு?

வசந்தியின் கணவர் செல்வம், தினமும் சிதம்பரம் போய்வருகிற ஹாஸ்டல் மெஸ் சமையல்காரர். தென்துருவத்தில் ஓர் ஆராய்ச்சி முகாமில் ஒரு வருடம் சமைக்க வேலை கிடைத்திருக்கிறது. மறுநாள் சென்னைக்கு பஸ். மனைவியின் சம்மதக் கையெழுத்து கேட்டார்களாம். இரண்டு வாரம் மறுத்தவள், போட்டுவிட்டாள்.

“எப்படி மனசு மாறுன?”

“இவருதான் நீ எழுதுன புக்க எடுத்தாந்து காட்டுனாரு. சற்றுக் கடுமைன்னு போட்டிருக்கியேண்ணா... நம்ம மார்கழி மாதிரின்னு நெனச்சுகிட்டேன்.”

என் கண் போனது செல்வத்தின் வலது கைக்கு. மெஸ்ஸில் கொதிக்கும் எண்ணெய் கவிழ்ந்து வெந்த கை. மார்கழி விடியலுக்கே அந்த விரல்கள் மரத்துப்போகும். மெடிக்கல் டெஸ்ட்டில் ‘பரவாயில்லை’ என்றார்களாம். எதற்குப் பரவாயில்லை?

பேசாமல் இருந்துவிடலாமா? பயணம் நாளைக்கு. ஆனால் கரண்டி பிடித்துப் பிழைக்கிற கை அது...

“வசந்தி, அது தெரியாம எழுதுனது. அங்க குளிரு ஃப்ரீசரவிட மோசம்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

செல்வம் ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். “வேலைக்குக் கூப்பிட்ட அன்னிக்கே ப்ரௌசிங் சென்டர்ல பாத்துட்டேன். மச்சான் எழுதுனது சௌகரியமா இருந்துச்சு... அதான் அந்தப் பக்கத்த காட்டுனேன்.”

“நல்லா இருக்கு. ஒருத்தருக்குத் தெரியல, ஒருத்தரு சொல்லல. நடுவுல நான் கையெழுத்து போட்டிருக்கேன்.”

எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தாள். “கைய வைங்க.”

வலது கையை வைத்தார். அவள் எண்ண ஆரம்பித்தாள். நாற்பதைத் தாண்டியதும் எனக்கு என் விரல்களே வலித்தன. அறுபதில் அவளே கையை வெளியே இழுத்து, மடக்கச் சொன்னாள். மூன்று விரல்கள் மடங்கின. சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் அப்படியே நின்றன. அந்த இரண்டையும் முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

“உள்ளதான சமைக்கப்போறேன், ஹீட்டர் இருக்கும்,” என்றார் செல்வம். “பதினாறு வருஷமா அதே மெஸ்ஸு, அதே சாம்பாரு. ஒரு தடவ போய்ட்டு வந்துடறேன் வசந்தி.”

சாயங்காலம் வசந்தி என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் பைக் ஓட்டுகிறவர்கள் போடும் கையுறை இரண்டு ஜோடி வாங்கினாள்.

“குளிருக்கு நல்லா தாங்கும்கா,” என்றார் கடைக்காரர்.

“எவ்ளோ தாங்கும்?”

“நல்லாவே தாங்கும்கா,” என்றார் மறுபடியும். தாராளமாகக் கலைக்களஞ்சியம் எழுதலாம் அவர்.

தெரியாது என்று சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அதை மறைக்கத்தான் நூறு சொல். எழுதிவிட்டால் அலமாரியில் பாச்சை உருண்டையோடு தூங்கிவிடும் என்று நினைக்கிறோம். தூங்குவதில்லை. இருபது வருடம் கழித்து நம் வீட்டு ஆளையே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறது.

திங்கள்கிழமை, கடலூர் பஸ் ஸ்டாண்ட். பெட்டி ஏறியது. ஸ்வெட்டர் மடியில். நான் ‘பத்திரம்’ என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன் — அதுவும் ஒரு ‘சற்று’தானே?

பஸ் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வசந்தி கூடவே நடந்தாள்.

“அங்கேருந்து போன் பண்ணா, நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க. விரல் விரலா சொல்லுங்க.”