பாலிக் புலாவிலிருந்து நான்கு பை சியாக்காப்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, இருநூறு சியாக்காப் குஞ்சுகள் வாங்குவதற்காக நானும் என் அண்ணன் சேகரும் பாலத்துக்கு அப்பால் தீவில் இருக்கும் பாலிக் புலாவுக்குப் போனோம். ஊர்ப்பக்கம் கொடுவா என்பார்களே, அந்த மீன்தான். புக்கிட் மெர்தாஜாமில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் நன்னீர்க் குளம் இருக்கிறது. அதில் வளர்க்கத்தான்.

இது இரண்டாவது முயற்சி. முதல் தடவை வாங்கிய எண்பதும் மறுநாள் காலைக்குள் செத்துப்போயின. தவறு என்னுடையது. பத்து காவானில் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. குளத்தின் அமில அளவைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, ஊத்துண்ணே" என்று தங்கை நான்தான் சொன்னேன். குஞ்சுகள் கடல்நீரில் வளர்ந்தவை; உப்பை யோசிக்கவே இல்லை.

கடல்நீரில் மீனுக்குள் உப்பு ஓயாமல் ஏறும். செவுளில் உள்ள சில செல்கள் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நன்னீரில் நிலைமை தலைகீழ். உடம்பிலிருந்து உப்பு கசியும், அதே செவுள் தண்ணீரிலிருந்து உப்பைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். சியாக்காப்பால் இரண்டும் முடியும். ஆனால் செல்கள் வேலையை மாற்றிக்கொள்ள ஒன்றிரண்டு நாளாவது வேண்டும். நான் அவற்றுக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

காலை 7.10க்குக் கிளம்பினோம். பழைய பாலத்துக்குச் சுங்கம் 5 வெள்ளி 74 காசு. தெலுக் கும்பார் வழியாகப் போய் 8.25க்குப் பண்ணையைச் சேர்ந்தோம். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் சுகுணா அக்கா, நான் கேட்டுக்கொண்டபடி ஒரு வாரமாகத் தண்ணீரின் உப்பைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தார். பைக்கு ஐம்பது குஞ்சு, மேலே ஆக்சிஜன். நான்கு பைகளையும் இறுக்கிக் கட்டினார்.

"ஆறு மணி நேரம் தாங்கும்லா. நடுவுல மட்டும் தொறக்காதீங்க" என்றார்.

9.40க்குப் புறப்பட்டோம். காற்று பம்ப் வாங்க ஜார்ஜ் டவுன் போக வேண்டியிருந்ததால் மலைப்பாதையைப் பிடித்தோம். இருபது கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அன்று மழையில் ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. இரண்டரை மணி நேரம் ஓரிடத்திலேயே நின்றோம். அண்ணன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்பக்கம் திரும்பிப் பைகளைப் பார்த்தார். குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ஒரு மணிக்கு ஜார்ஜ் டவுன். கடைக்குள் போய், 45 வெள்ளிக்கு பேட்டரி பம்ப் வாங்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் திரும்பினேன். ஒரு பையின் வாய் திறந்திருந்தது. அண்ணன் அதைக் கையால் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு முட்டுதுலா, பாரு. அந்த பம்பக் குடு."

"போடாதண்ணே. கட்டிடு."

"போன தடவையும் நீதானே சரின்னு சொன்னே?"

பம்பை நான் கொடுக்கவில்லை.

பைக்குள் நடந்தது இதுதான். மீன்கள் விடும் கரியமில வாயு தண்ணீரை அமிலமாக்குகிறது. இரத்தத்தில் ஏறும் அமிலத்தைச் செவுள்தான் வெளியேற்றுகிறது. அமில அயனியைத் தள்ளிவிட்டு உப்பின் சோடியத்தை எடுத்துக்கொள்ளும். உப்புக்கும் அமிலத்துக்கும் அங்கே ஒரே கதவு என்று சொல்லலாம். கழிவான அம்மோனியாவும் செவுள் வழியாகத்தான் வெளியே வரும். அமிலத் தண்ணீரில் அதற்கு அவ்வளவு விஷம் இல்லை. பையைத் திறந்தால் கரியமில வாயு பறந்துவிடும், அமிலம் குறையும், அம்மோனியா விஷமாகிவிடும். பம்ப் போட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இதையெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் நின்று இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அண்ணன் பையைக் கட்டினார். பம்ப் போடாதது சரிதானா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

பாலத்தில் மறுபடியும் நெரிசல். வீடு சேரும்போது 2.50. முந்தின நாளே தொட்டியில் அதே அளவு உப்புக் கலந்து வைத்திருந்தோம். மூடிய பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பைத் தண்ணீரை விட்டுவிட்டு, மீன்களை மட்டும் உடனே மாற்றினோம். மூடிய பைகளின் தண்ணீரில் pH எனப்படும் அமில அளவு 6.3; எண் கூடினால் அமிலம் குறைவு. அண்ணன் திறந்த பையில் 7.4. அந்த ஐம்பதில் முப்பத்து மூன்று செத்திருந்தன. மற்ற நூற்றைம்பதில் நான்கு.

அண்ணன் ஒரு செத்த குஞ்சை உள்ளங்கையில் வைத்துச் செவுள் மூடியை நகத்தால் தூக்கிப் பார்த்தார். உள்ளே கருஞ்சிவப்பாக இருந்தது. "என் கைதான் பண்ணுச்சு" என்றார். எண்பதைக் கொன்றவள் ஆறுதல் சொன்னால் எடுபடாது என்று தோன்றியது. முப்பத்தேழையும் எலுமிச்சை மரத்தடியில் இருவருமாகப் புதைத்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உப்பைக் குறைத்துத் தரும்படி பண்ணையில் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். மீன் கையில் இருந்தால் மலைப்பாதை வேண்டாம், தெலுக் கும்பார் வழியே திரும்புங்கள். ஜார்ஜ் டவுன் வேலையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தொட்டி தயாராகும்வரை பையைத் திறக்காதீர்கள். மீன் வாயைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

இரண்டு நாள் நன்னீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் சேர்த்தோம். திங்கட்கிழமை மாலை குஞ்சுகள் முதல்முறையாகத் தீனியைக் கொத்தின. அண்ணன் குவளையைக் குளத்து நீரில் முக்கி எடுத்து, தொட்டிக்கு மேலே பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"ஊத்தவா?"

தொட்டித் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாயை வெளிச்சத்தில் இரண்டு தடவை பார்த்தேன்.

"இன்னும் அரை மணி நேரம் போகட்டும்ண்ணே."

அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி ஓரமாக உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.