பூனைக்கு வைத்த கதவு

அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவுகள். முன்பெல்லாம் இரண்டும் பகல் முழுதும் திறந்தே கிடக்கும். கணவருக்கு மறதி நோய் வந்த இரண்டாம் வருடம், ஒரு காலையில் அவர் உடுத்திய சாரத்தோடு இறங்கிப்போய், கண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். தான் முப்பது வருடம் கிளார்க்காக வேலை பார்த்த மாநகர சபைக் கட்டடத்தின் வாசலில் நின்று, கையெழுத்துப் புத்தகம் எங்கே என்று கேட்டிருக்கிறார். பழைய ஆள் ஒருவர் அடையாளம் கண்டு ஓட்டோவில் கூட்டிவந்து விட்டார். அன்று மாலையே கதவுகளைப் பூட்டினேன்.

முன்கதவுக்கு உட்பக்கமாக ஒரு ஆமைப்பூட்டு. சமையலறைக் கதவுக்குச் சாவிப்பூட்டு. சாவிகள் இரண்டையும் ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கயிறு தாலிக்கொடியோடு சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பிரித்தெடுக்க வேண்டும். ஜன்னல்களுக்கு நாங்கள் குடிவந்தபோதே கம்பி வலை அடித்திருந்தோம். எங்கள் பக்கத்தில் வலை இல்லாவிட்டால் குரங்குகள் உள்ளே வந்து சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே வீட்டில் கை நுழைகிற அளவுக்குக்கூட ஒரு திறப்பு இல்லை.

நான் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். வீட்டுக்குள் இவ்வளவு நேரம் இருந்து பழக்கமில்லை. அவருக்கு என் பெயர் மறந்துபோயிருந்தது. ஊரெல்லாம் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். "டீச்சர், வெளிய போகலாமா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார். "இப்ப இல்லைங்க, கொஞ்சம் பொறுத்துப் போவோம்" என்பேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போய் முன்கதவின் பூட்டை ஆட்டிப் பார்ப்பார். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்டது.

பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரே ஜீவன் பூனை. சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட பெட்டை. அவருக்கு நினைவு நன்றாக இருந்த காலத்தில் தானாக வந்து சேர்ந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை வெளியே போக வேண்டும், திரும்பி உள்ளே வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான் கதவைத் திறந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு அவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். பூனையை விட வேண்டும், அவரை மறிக்க வேண்டும். ஒருமுறை தள்ளுமுள்ளில் அவருடைய விரல் கதவிடுக்கில் நசுங்கியது. அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "நான் என்னா தப்புச் செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டார்.

கனடாவில் இருக்கும் மகளிடம் இதைச் சொல்லி அழுதேன். மறுநாள் அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். கதவின் அடியில் சதுரமாக ஒரு வெட்டு. அதில் மேலிருந்து தொங்கும் சிறு பலகையைப் பூனை தலையால் தள்ளிக்கொண்டு போகிறது, வருகிறது. அதை நான் நாலு தடவை பார்த்தேன். மகள் நினைத்ததுபோல் பூனையைப் பார்க்கவில்லை. யாரையும் கூப்பிடாமல், யாரும் பூட்டைத் திறக்காமல் ஒன்று போய் வருவதைத்தான் பார்த்தேன்.

ஹந்தானையிலிருந்து தச்சுவேலைக்கு வரும் பாஸ் ஒருவர் இருந்தார். எங்கள் அலுமாரியைச் செய்தவரும் அவர்தான். சமையலறைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல பலாக் கதவு டீச்சர். இதுலயா ஓட்டை போடச் சொல்றீங்க? பாம்பு வந்தா?" என்றார்.

"பாம்புக்குக் கதவுக்கு அடியில இருக்கிற சந்தே போதும் பாஸ். நீங்க வெட்டுங்க."

பூனையின் உயரத்தையும் தோள் அகலத்தையும் தையல் நாடாவால் அளந்தோம். கணவர்தான் பூனையைப் பிடித்துக்கொண்டார், அவர் கையில் அது அசையாது. பாஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பென்சிலால் கோடு கீறி, நாலு மூலையிலும் துளை போட்டு, ஈர்வாளை உள்ளே விட்டு அறுத்தார். மரத்தூள் கொட்டுவதைக் கணவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு வாசல்?"

"பூனைக்கு" என்றேன்.

"எனக்கு?"

பாஸ் அறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி, தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

அறுத்தெடுத்த பலகையையே பிணைச்சல் போட்டுத் தொங்கவிட்டார் பாஸ். அது பாரமாகப் போய்விட்டது. பூனை ஒரு தடவை தலையை விட்டது, பலகை அதன் முதுகில் விழுந்தது. மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை. பாஸைத் திரும்பக் கூப்பிட்டேன். பலகையைக் கழற்றிவிட்டு, கண்ணாடிபோல் வெளியே தெரிகிற தடித்த பிளாஸ்டிக் துண்டொன்றைப் போட்டார். காற்றுக்கு அடிக்காமலிருக்க அலுமாரிக் கதவுக்கு வைக்கும் காந்தத்தைக் கீழே பொருத்தினார்.

பிறகு பழக்குகிற வேலை. முதல் வாரம் பிளாஸ்டிக்கை நூலால் மேலே தூக்கிக் கட்டிவைத்தேன். வெளியே ஒரு மூடியில் நெத்தலிக் கருவாடு. பூனை வெறும் ஓட்டை வழியாகப் போய்வரக் கற்றுக்கொண்டது. அடுத்த வாரம் நூலைத் தளர்த்திப் பாதிக்கு இறக்கினேன். குனிந்து போயிற்று. முழுதாக இறக்கிய அன்று எல்லாம் நின்றுபோனது. பிளாஸ்டிக்குக்கு முன்னால் உட்கார்ந்து, வெளியே தெரிகிற கருவாட்டைப் பார்த்து ஓயாமல் கத்தியது. கையால் பின்பக்கத்தைத் தள்ளினேன், கீறிவிட்டது. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு பூனையிடம் தோற்றுப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கணவர் வந்தார். குட்டைப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தார். "போ தாயி, போயிட்டு வா" என்றார். பூனை போய்விட்டது. சற்று நேரத்தில் வெளியிலிருந்து கத்தியது. தூக்கிப் பிடித்தார், வந்துவிட்டது.

அதுவே வழக்கமாகிவிட்டது. பூனை கத்தும், அவர் தூக்கிப் பிடிப்பார். காலையில் எழுந்ததும் முகம் கழுவி, சட்டை போட்டு, வேலைக்குப் போவதுபோல் அந்தப் பலகையில் போய் உட்காருவார். முன்கதவின் பூட்டை ஆட்டுவது நின்றது. பூனை கதவைப் பழகவில்லை, இவரைப் பழக்கிவிட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது. நிம்மதியாகக் குளித்தேன். ஆனால் சாவி கழுத்தில்தான் இருந்தது. பூனை போவதை அவர் பார்க்க, அவரை நான் பார்க்க, அப்படியே பகல்கள் போயின. சந்தைக்கும் நான் போவதில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா மரக்கறி வாங்கி வந்து ஜன்னல் வலைக்கு வெளியே நின்று காட்டுவார். கதவைத் திறந்து வாங்கியதும் பூட்டிவிடுவேன்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஹந்தானைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பின்வளவில் காய்ந்த துணியை எடுத்து வர ஒரு நிமிடம் போதுமென்று ஓடினேன். வழக்கமாக வெளியிலிருந்து பூட்டிவிட்டுத்தான் போவேன், அன்று கதவைச் சாத்திவிட்டுப் போனேன். நாலு துணி எடுப்பதற்குள் பின்னால் கட்டையான ஒரு சத்தம் கேட்டது. கதவின் உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருப்பதை நானே மறந்திருந்தேன். அவர் அதைப் போட்டுவிட்டார்.

இதை நான் மகளிடம்கூடச் சொன்னதில்லை. நான் உடனே ஓடிப்போய்க் கதவைத் தட்டவில்லை. துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மழையின் முதல் துளிகள் முகத்தில் விழுந்தன. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, நான் பூட்டாமலே கதவு எனக்குப் பின்னால் மூடியிருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். படியிறங்கினால் பாதை, பாதையில் பஸ். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு நிமிடமாகத்தான் இருக்கும். பிறகு பருப்பின் ஞாபகம் வந்தது.

தட்டினேன், கூப்பிட்டேன். பதில் இல்லை. முன்கதவின் பூட்டு உள்ளே தொங்கியது, கழுத்தில் சாவி இருந்தும் பயனில்லை. மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டைக் கூவி அழைத்தேன், தகரக் கூரையின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் சமையலறை வாசலில் முழங்காலிட்டு, குப்புறப் படுத்து, பூனை வாசலைத் தூக்கிப் பார்த்தேன். அவருடைய பாதங்கள் தெரிந்தன.

"என்னங்க, தாழ்ப்பாளை எடுங்க."

அவர் குனிந்தார். எங்கள் முகங்கள் ஒரு முழ தூரத்தில் இருந்தன. அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார்.

"டீச்சர் வீட்ல இல்லீங்க. வெளிய போயிருக்காங்க."

"நான்தாங்க டீச்சர்."

"கதவைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பெறகு வாங்க."

கையை உள்ளே விட்டேன். தோள்வரை போயிற்று. தாழ்ப்பாள் இன்னும் ஒரு முழம் மேலே இருந்தது. பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. கெஞ்சினேன், அதட்டினேன். வகுப்பில் அதட்டுகிற குரல் அது. அவர் பயந்து இரண்டடி பின்னால் போனார். நான் போட்ட சட்டத்தை நானே சொன்னாலும் அவர் மீறமாட்டார் என்று விளங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கால் வலிக்குதுங்க. எவ்வளவு நேரம் இப்பிடியே கெடக்கிறது?" என்றேன். அது தந்திரமாகச் சொன்னதல்ல, என் முழங்கால் உண்மையிலேயே வலித்தது.

அவர் முகம் மாறியது. "அடடே, நிக்க வச்சுட்டேனே. இருங்க, கதிரை கொண்டாறேன்" என்று உள்ளே போனார். அலுவலகத்தில் மனுவோடு வருகிறவர்களை அவர் ஒருநாளும் நிற்க வைத்ததில்லை.

கையை வெளியே எடுத்தேன். பிளாஸ்டிக் விழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. எங்கிருந்தோ நனைந்துபோய் வந்த பூனை என் தோளுக்குப் பக்கத்தில் நின்று கத்தியது. தூக்கிப் பிடிக்க உள்ளே யாரும் இல்லை. எனக்கும் கை எழவில்லை. இரண்டு தடவை கத்திப் பார்த்தது. பிறகு தலையைக் கொடுத்து முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. இரண்டு மாதமாக நான் படிப்பித்த பாடம் ஒரு நொடியில் முடிந்தது. வாலும் மறைந்தபோது எனக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது.

கதிரையை இழுத்து வரும் சத்தம் கேட்டது. கதிரை அந்த ஓட்டையில் போகாது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் திறந்தது. கதிரையை மழைக்குள் வைத்து, "உட்காருங்க" என்றார்.

நான் அவரைத் தாண்டி ஓடி அடுப்பை அணைத்தேன். பருப்புச் சட்டி கரியாகிவிட்டிருந்தது. திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு அம்மா வந்துச்சு. பாவம், நனைஞ்சு போச்சு. நீங்க சொன்ன மாதிரி நான் தொறக்கல. கதிரை மட்டும்தான் குடுத்தேன். எங்க போச்சுன்னு தெரியல."

"போயிருச்சுங்க. அவங்களுக்கு வீடு பக்கத்துலதான்" என்றேன்.

தாழ்ப்பாளை அன்றே கழற்றினேன். பூனைக்கு அதன்பிறகு யாரும் தேவைப்படவில்லை. இரண்டு மூன்று நாள் அவர் பலகையில் உட்கார்ந்து விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அது அவர் விரலைத் தாண்டிப் போய்வந்தது. நாலாம் நாள் முன்கதவின் பூட்டை ஆட்டும் சத்தம் திரும்பவும் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் பக்கத்து வீட்டு அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, மழையில் நின்ற கதையைச் சொன்னேன். நின்று பார்த்த அந்த ஒரு நிமிடத்தையும் சொன்னேன். "அனே டீச்சர், இதை ஏன் முன்னமே சொல்லல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் தான் வந்து இருப்பதாகச் சொன்னார். சமையலறைச் சாவியைப்போல் இன்னொன்று வெட்டி அவரிடம் கொடுத்தேன்.

முதல் செவ்வாய் கடுகண்ணாவைக்குப் போனேன். அங்கே என் தங்கை சிறிய துணிக்கடை வைத்திருக்கிறாள். அவளைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் கட்டிலைக் காட்டி, "கொஞ்சம் உட்காருங்கக்கா, இந்தாளுக்குத் துணி வெட்டிக் குடுத்துட்டு வாறேன்" என்றாள். கண்ணை மூடினேன். விழித்தபோது மூன்றரை மணி. தலைக்கு யாரோ தலையணை வைத்து, கால்மேல் போர்வை போட்டிருந்தார்கள்.

"எழுப்பியிருக்கலாமேடி."

"ரெண்டு தரம் வந்தேன். மனசு வரல" என்றாள்.

திரும்புகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. சோற்றைப் பொதியாகக் கட்டிக் கையில் தந்தாள். ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்தார். கணவர் அவருக்குப் பின்னால் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். பொதியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பூட்டினேன்.

அடுத்த செவ்வாயும் போனேன். அன்று பேசினோம்.