குழல்வாய்மொழி அக்கா செய்த அட்டைகள்

ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது தென்காசியிலிருந்து போன் வந்தது. பேசியவன் கணபதி, குழல்வாய்மொழி அக்காவின் தங்கை மகன். "ஆச்சி, பெரியம்மா போயிட்டாக. காலைல காப்பி கொண்டு போறேன், கூப்பிட்டா பேச்சில்ல," என்றான். வரிசையை விட்டு விலகி, பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓய்வுக்குப் பிறகு நான் குடியேறிய பாளையங்கோட்டையின் வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். உடை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலங்குளம் தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் பேர்போன ஒரு வக்கீலின் அலுவலகத்தில் அவர் டைப்பிஸ்டாக இருந்தார். நான் இலத்தூரிலிருந்து தினமும் வந்துபோகும் இரண்டாவது டைப்பிஸ்ட். முதல் நாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி எஸ்தரு, இந்த நகத்த வெட்டிட்டு வா. இல்லன்னா மெஷினு வெட்டிரும்," என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். குற்றாலத்து அம்மனின் பெயரை வைத்துக்கொண்டு சாமியைப் போலவே பேசாமல் இருக்கிறாரே என்று நான் கேலி செய்வேன். சிரிப்பார், அப்போதும் பேச மாட்டார்.

தகப்பனார் இறந்தபோது அக்காவுக்குப் பதினாறோ பதினேழோ வயது. தங்கை சின்னப் பிள்ளை. வக்கீல் ஐயா தகப்பனாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர்தான் அம்மாவையும் மகள்கள் இருவரையும் அழைத்துவந்து தம் வீட்டின் பின்கட்டில் குடிவைத்தார். அக்காவை டைப் படிக்க அனுப்பி, தம் அலுவலகத்திலேயே வேலையும் கொடுத்தார். நல்ல மனிதர். ஒரு நாளும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அக்கா எப்போதோ தப்பித்திருப்பார்.

எங்கள் வேலை என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் விளங்கும். மேல்முறையீட்டுக்குப் போகிற தாளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இடப்பக்கம் இவ்வளவு ஓரம் விடவேண்டும், தலைப்பு நட்ட நடுவில் நிற்கவேண்டும், பத்திக்குப் பத்தி எண் வேண்டும், சாட்சி சொன்னதை உள்ளே தள்ளி அடிக்கவேண்டும். ஒன்று பிசகினாலும் கோர்ட்டிலிருந்து தாள்கட்டு அப்படியே திரும்பிவிடும். தலைப்பை நடுவில் நிறுத்த எழுத்துகளை எண்ணவேண்டும். தமிழ் மெஷினில் அது தனிக் கூத்து. கொம்புக்கு இடம் உண்டு, காலுக்கு இடம் உண்டு, புள்ளி மட்டும் எழுத்தின் தலைமேல் ஏறிக்கொண்டு இடம் கேட்காது. எல்லாம் அடித்து முடித்த பிறகு வக்கீல் ஐயா சாவகாசமாகப் படித்துப் பார்த்து, நடுவில் ஒரு பத்தியைச் சேர்ப்பார். அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பக்கமும் நகர்ந்துவிடும், திரும்ப முதலிலிருந்து அடிப்போம்.

அக்கா மட்டும் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிப் பார்த்தே எந்தப் பக்கம் எந்த வரியில் முடியும் என்று சொல்லிவிடுவார். அவர் கைபட்ட கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வக்கீல் ஐயா வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வார். அக்காவின் காலில் விலங்கு விழுந்தது அந்தப் பெருமையால்தான்.

சீசன் வந்துவிட்டால் அலுவலகமே குற்றாலத்துக்குப் போகும். பெரிய கட்சிக்காரர்கள் குளிக்க வருகிற காலம் என்பதால் வக்கீல் ஐயா அங்கே ஒரு பங்களாவை எடுத்துவிடுவார். மெஷின்கள் குதிரை வண்டியில் வரும். சாரல் பட்டால் தாள் ஊதும், கார்பன் ஒட்டும் என்று எங்கள் அறைச் சன்னல்களை மட்டும் இறுக அடைத்துவிடுவார்கள். தலையில் எண்ணெய் வழிய வழியச் சனங்கள் அருவிக்குப் போகிற சத்தம் வெளியே கேட்கும். ஊர் முழுக்கக் குளிர்ந்து கிடக்க, நாங்கள் இரண்டு பேர் உள்ளே புழுங்கிக்கொண்டு அடித்துக்கொண்டிருப்போம். எனக்கு மூச்சு முட்டும். "சன்னல ஒரு இணுக்குத் தொறக்கட்டாக்கா?" என்று கேட்டால், "தாளு நனைஞ்சா மறுபடி அடிக்கப் போறது நீதானட்டி," என்பார்.

அக்கா அரசாங்கத் தேர்வு எழுதி, திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு உத்தரவு வந்தது. அந்த ஒரு வாரமும் அவர் நடையே வேறாக இருந்தது. தங்கையைத் திருநெல்வேலிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், வாடகைக்கு ஒரு வீடு பார்க்கலாம், அம்மா அடுப்பு மூட்ட யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று, பேசாத மனுஷி பேசித் தீர்த்தார். உத்தரவை எடுத்துக்கொண்டு வக்கீல் ஐயாவிடம் போனார். கதவருகில் நானும் நின்றேன்.

"போ தாயி, யாரு வேண்டாங்குதா?" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. இந்த அப்பீல் கட்டுகள எல்லாம் யாரு அடுக்குவா? எஸ்தருக்கு வருமா? வராது. ஒன்னைய மாதிரி அடுக்குத ஆளு ஒண்ண எனக்குக் காட்டிட்டு நீ தாராளமாப் போலாம்."

பின்கட்டில் அக்காவின் அம்மா இன்னொரு பக்கம் இழுத்தார். "அவுக மனசு நோவ நம்ம போனா நல்லாருக்குமா? அங்கன யாரு இருக்கா நமக்கு?" என்றார். உத்தரவின் கெடு தீர்ந்துபோனது. நானாக இருந்தால் எல்லோரையும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருப்பேன். அக்கா அப்படிப்பட்டவர் அல்ல. அவர் வக்கீல் ஐயா சொன்னதை அப்படியே வாக்காக எடுத்துக்கொண்டார். தம்மைப் போல அடுக்குகிற ஆளைக் காட்டவேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டார்.

அப்படித்தான் அட்டைகள் பிறந்தன. கல்யாணப் பத்திரிகை அட்டைகளின் வெறும்பக்கத்தை அதற்கு எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு பத்திக்கும் ஓர் எழுத்துப் போடுவார். தலைப்புக்கு த, சாதாரணப் பத்திக்கு ப, சாட்சிக்குச் சா. பிரதியில் அதற்குமேல் எதுவும் இருக்காது. த என்றால் எங்கே தொடங்குவது, சா என்றால் எவ்வளவு உள்ளே தள்ளுவது, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அட்டையில் இருக்கும். ஜில்லா கோர்ட்டுக்கு ஓர் அட்டை, ஹைகோர்ட்டுக்கு ஓர் அட்டை. அதே பிரதியை வேறு கோர்ட்டுக்கு அனுப்பவேண்டுமா, அட்டையை மாற்றினால் போதும். அடிக்கிற தாளுக்குப் பின்னால் தடித்த கோடுகள் போட்ட இன்னொரு தாளை வைத்து உருளையில் ஏற்றச் சொன்னார். கோடு மேலே தெரியும், பக்கம் எங்கே முடிகிறதென்று யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு பெரிய பிரிவையும் புதிய பக்கத்தில் தொடங்க வைத்தார். வக்கீல் ஐயா ஒரு பத்தியைச் சேர்த்தால் அந்தப் பிரிவை மட்டும் திரும்ப அடித்தால் தீர்ந்தது.

சொல்ல வந்ததை ஒரு பக்கமும் அதன் உருவத்தை இன்னொரு பக்கமும் பிரித்து வைக்கிற இந்த வித்தையைப் பிற்பாடு கம்ப்யூட்டர் வகுப்பில் ஓர் இளைஞர் பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன். அது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

அடுத்த தேர்வை நாங்கள் இருவரும் எழுதினோம். இருவருக்குமே உத்தரவு வந்தது, அக்காவுக்கு மறுபடியும் திருநெல்வேலி, எனக்குச் சென்னை. அப்போது சீசன், குற்றாலத்துப் பங்களாவில் இருந்தோம். கீழப்பாவூரிலிருந்து செல்லையா என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். கோழி கொத்துவது போல இரண்டு விரலால் அடிப்பவர். அக்கா அவரிடம் ஓர் அப்பீலின் கையெழுத்துப் பிரதியையும் ஹைகோர்ட் அட்டையையும் கொடுத்து அடிக்கச் சொன்னார். தாம் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகள் சும்மா இருந்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

செல்லையா முடித்ததும் அக்காவே அந்தத் தாள்கட்டை வக்கீல் ஐயாவிடம் எடுத்துப் போனார். நாங்களும் பின்னால் போனோம். வக்கீல் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நீ அடிச்சதுல்லா?" என்றார் அக்காவிடம்.

"இல்ல பெரியப்பா, செல்லையாண்ணன் அடிச்சது."

"ஏலே, நெசமாவா?"

"ஆமாய்யா, அட்டையப் பாத்துத்தான் அடிச்சேன்," என்றார் செல்லையா.

அக்கா அட்டைகளை வக்கீல் ஐயா முன்னால் பரப்பிக் காட்டினார். இப்போது சொல்லிவிடுவார், போ தாயி என்று இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஓர் அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "இப்பேர்ப்பட்ட மூளைய வெளிய விட்டுட்டா என்னைய ஊரே சிரிக்குமே தாயி," என்றார். "நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு ஒரு அட்டை வேணும், கோயில் கேசுக்கு ஒண்ணு வேணும். ஒன்னைய விட்டா யாரு போடுவா?" பிறகு என் பக்கம் திரும்பி, "எஸ்தரு, ஒனக்கும் உத்தரவு வந்திருக்காமே. நீ போம்மா. அட்டைதான் இருக்கே, யாரு வேணாலும் அடிக்கலாம்," என்றார். எல்லோருக்கும் சூடாக வடையும் காப்பியும் வாங்கிவரச் சொன்னார்.

அறைக்குத் திரும்பியதும் நான் கத்தினேன். "ஏன்க்கா வாய மூடிட்டு வந்தீக? வாக்கு குடுத்தாகல்லா? கேக்க வேண்டியதானே?"

"எப்படிட்டி கேக்க? அவுக அழுதாகளே," என்றார் அக்கா. பிறகு, "என் வேலைய எல்லாருக்கும் சுளுவாக்கிட்டா என்னைய விட்டுருவாகன்னு நெனச்சேன். நீ போ. ரெண்டு பேத்துல ஒருத்தியாவது போ," என்றார். அவர் அழவில்லை, அந்த வடையையும் தொடவில்லை. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன். அவருடைய அட்டைகள் எனக்கு வாங்கித்தந்த விடுதலை அது. அந்த நன்றியை அவர் இருக்கும்போது நேரிலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

அறுபதுகள் முடியும் தறுவாயில் வக்கீல் ஐயா பக்கவாதத்தில் விழுந்து காலமானார். அவர் மகன் மதுரையில் தொழில் நடத்தியவர். தென்காசி அலுவலகத்தை மூடிவிட்டு, "நீங்க இனிமே எங்க வேணும்னாலும் போலாம்க்கா," என்று மரியாதையாகவே சொன்னாராம். அதற்குள் அரசாங்க வேலைக்கான வயது கடந்துபோயிருந்தது. அப்போது ஊருக்கு வந்திருந்த என்னிடம் அக்கா இதைச் சொல்லிவிட்டு, "எங்கனட்டி போக?" என்று கேட்டார். அவர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்தார், தங்கையைக் கட்டிக்கொடுத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்தார்.

பல வருடம் கழித்து, நான் ஓய்வுபெறும் சமயத்தில், சென்னைக்கு வந்த அக்காவை என் அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் கம்ப்யூட்டரைக் காட்டினேன். தலைப்பு தானே நடுவில் நின்றது. நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தேன், பின்னால் இருந்த பக்கங்கள் தாமே நகர்ந்து எண்களைத் திருத்திக்கொண்டன. அக்கா கண் கொட்டாமல் பார்த்தார். "எல்லாம் மெஷினுக்கே தெரிஞ்சிருக்கே எஸ்தரு. அப்பவே இது வந்திருந்தா என்னைய விட்டுருப்பாகல்லா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

நான் தென்காசி போய்ச் சேர்ந்தபோது கணபதி கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். நானும் கூடவே போனேன். கடையில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் படத்தை வைத்தாள், பெயரை நடுவில் நிறுத்தினாள். பெயருக்குக் கீழே, கணபதி எழுதிக் கொடுத்தபடி, வக்கீல் ஐயாவின் பெயரும் அவர் அலுவலக டைப்பிஸ்ட் என்ற வார்த்தைகளும் வந்து விழுந்தன.

"இது எதுக்குலே?" என்றேன்.

"அப்படிப் போட்டாத்தான ஊருக்குள்ள தெரியும் ஆச்சி? பெரியம்மாவ எல்லாரும் வக்கீல் வீட்டு அம்மான்னுதான சொல்லுதாக?"

"அந்த வரிய எடும்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம். அவள் கணபதியைப் பார்த்தாள். "அவன என்ன பாக்க? நான் சொல்லுதேன், எடு." என் குரல் எனக்கே கூடுதலாகக் கேட்டது. அவள் ஒரு விசையைத் தட்டினாள், வரி போய்விட்டது. திரையில் குழல்வாய்மொழி என்ற பெயர் மட்டும் தனியாக நின்றது.

போய் வாருங்கள் அக்கா. இந்த முறை யாரிடமும் கேட்க வேண்டாம்.