கைபிடிக்கு அனுமதி இல்லை

ஒஸ்லோவில் நான் பார்த்த வேலைகளில் சாரத்தில் ஏறிச் சுவர் பூசும் வேலைதான் அதிக நாள் நிலைத்தது. அங்கே என்னோடு நின்றவன் ஒரு போலந்துக்காரன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவனும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் கதைப்போம். ஒரு கோடை விடுமுறையில் தாயைப் பார்க்கப் போகிறேன், வருகிறாயா என்று கேட்டான். எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது. அவனுடைய வான் வண்டியில் ஏறிவிட்டேன்.

அவனுடைய ஊர் சின்னது. சுற்றிவரப் பழைய மதில், நடுவில் சதுக்கம், அறுநூறு வருடத்துச் செங்கல் வீடுகள். உல்லாசப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து படமெடுத்தார்கள். அந்த வீடுகளில் ஒன்றில்தான் தாய் இருந்தார். வாசலில் ஏழு கற்படிகள், நடுவில் தேய்ந்து வழுக்கின. இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர் படி இறங்கியதே இல்லை.

நாங்கள் ஒரே நாளில் படியோரம் இரும்புக் கைபிடி பூட்டினோம். கல்லில் நான்கு துளைகள் போட வேண்டியிருந்தது. அடுத்த நாள் காலை தாய் அதைப் பிடித்துத் தனியாக இறங்கிப்போய் பேக்கரியில் பாண் வாங்கி வந்தார். எங்கள் இருவருக்கும் முதல் துண்டை வெட்டித் தந்தார்.

மூன்றாம் நாள் நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கல்லில் கைவைக்கக் கூடாதாம், உடனே கழற்ற வேண்டுமாம். விண்ணப்பித்தால் பார்ப்பார்களாம். ஒஸ்லோவில் மேற்பார்வையாளனோடு எதற்கும் மல்லுக்கு நிற்கிறவன், அங்கே தலையாட்டிவிட்டு ஸ்பானரை எடுத்தான்.

"உனக்கு விசரா? உன்ரை அம்மாவை விடக் கல்லோ பெரிசு?" என்று கேட்டேன்.

"நீ நாளைக்குப் போயிடுவாய். அம்மா இவங்களோடைதான் இருக்க வேணும்."

நாங்கள் கழற்றுவதையும் பயணிகள் படமெடுத்தார்கள். துளைகளை அடைத்தது நான்தான். கல்லும் சுண்ணாம்பும் என் கைக்குப் பழக்கம். அடையாளமே தெரியாமல் அடைத்தேன். இவ்வளவு ஒழுங்காகவா அடைப்பாய் என்று என்னையே இன்றைக்கும் ஏசுகிறேன்.

அடுத்த வசந்தத்தில், ஒஸ்லோப் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் ஒரு மாடிக்கட்டடத்துச் சாரத்தில் நிற்கும்போது, அவன் போட்டிருந்த விண்ணப்பத்துக்குப் போனில் பதில் வந்தது. கைபிடிக்கு அனுமதி இல்லை. தாய் இன்னும் வீட்டுக்குள்தான், பாணைப் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுக்கிறாள் என்றான். சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரிக் கலவையைக் கேட்டான்.

கலவை வாளியைச் சாரத்துப் பலகை அதிரும்படி அவன் காலடியில் வைத்தேன்.